ஏ.சி.யில் எத்தனை டிகிரி வைப்பது: முதன்முதலாக மாட்டியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏ.சி. வாங்கும்போது எந்த நிறுவனம், எத்தனை டன், எத்தனை நட்சத்திரம் என்பதையெல்லாம் வீட்டில் உள்ளவர்கள் வாரக்கணக்கில் விவாதிக்கிறார்கள். பெட்டியை மாட்டி, ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு ஊழியர் போன பிறகு, அதில் எந்த எண்ணை வைப்பது என்பது மட்டும் கை போன போக்கில் முடிவாகிறது. வெயிலில் அலைந்து வந்தவர் 18 வைப்பார்; அரை மணி நேரத்தில் பாட்டி எழுந்து கூடத்துக்குப் போய்விடுவார்; நள்ளிரவில் யாரோ ஒருவர் குளிர் தாங்காமல் அணைப்பார்; விடியற்காலையில் இன்னொருவர் புழுக்கம் தாங்காமல் மீண்டும் போடுவார். இரண்டு மாதம் கழித்து மின் கட்டணம் வரும்போதுதான் இதைப் பற்றிப் பேச்சே எழுகிறது.

தமிழ்நாட்டில், குறிப்பாகச் சென்னை போன்ற கடலோர ஊர்களில், படுக்கையறைக்கு ஒரு ஸ்பிளிட் ஏ.சி. வாங்கியிருப்பவர்களை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் என்று எதுவும் இல்லை. ஆனால் உங்கள் அறைக்கும், அதில் படுப்பவர்களுக்கும், உங்கள் பணப்பைக்கும் ஒத்துவரும் எண்ணை ஒரு வாரத்துக்குள் கண்டுபிடித்துவிடலாம். அது பெரும்பாலும் நீங்கள் இப்போது வைத்திருப்பதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே இருக்கும்.

முதல் படி: அந்த எண் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரிமோட்டில் தெரியும் எண், ஏ.சி. வெளியே விடும் காற்றின் வெப்பநிலை அன்று. உட்பெட்டி மேற்புறமாக அறைக் காற்றை இழுத்துக்கொள்கிறது; அந்த வழியில் ஒரு சிறிய உணர்கருவி இருக்கிறது. இழுக்கப்படும் காற்று நீங்கள் வைத்த எண்ணுக்கு இறங்கியதும், சாதாரண ஏ.சி.யில் கம்ப்ரசர் (வெளிப்பெட்டியில் இருந்து குளிர்ச்சியை உண்டாக்கும் இயந்திரம்) நின்றுவிடும், இன்வெர்ட்டர் ஏ.சி.யில் அதன் வேகம் குறையும். அவ்வளவுதான் அந்த எண்ணின் வேலை. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வெளியே வரும் காற்று, உள்ளே இழுக்கப்படும் காற்றைவிட ஏறத்தாழ 8 முதல் 12 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். நீங்கள் 16 வைத்தாலும் 25 வைத்தாலும் சாதாரண ஏ.சி.யில் இந்த வித்தியாசம் கூடுவதில்லை.

ஆகவே, 16 வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்ற பரவலான நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. சாதாரண ஏ.சி.யின் கம்ப்ரசருக்கு ஒரே வேகந்தான் உண்டு. இன்வெர்ட்டர் ஏ.சி.யோ, அறை சூடாக இருக்கும்போது எந்த எண் வைத்திருந்தாலும் தொடக்கத்தில் அதிக வேகத்தில்தான் ஓடும். 16 வைப்பதால் நடப்பது ஒன்றே ஒன்று: அறை 25 டிகிரிக்கு வந்த பிறகும் கம்ப்ரசர் ஓய்வெடுக்காது; நீங்கள் அதை மறந்து தூங்கிப்போவீர்கள். விரைவாகக் குளிர வேண்டுமானால் எண்ணைத் தொடாமல் உட்பெட்டியின் விசிறி வேகத்தை மட்டும் கூட்டுங்கள். அறை குளிர்ந்ததும் குறைத்துக்கொள்ளலாம்.

புதிய பெட்டியை முதன்முதலாகப் போடும்போது 24 என்று காட்டுவது தற்செயல் அன்று. நட்சத்திர முத்திரை வழங்கும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் விதிப்படி, 2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் நட்சத்திர முத்திரையுடன் விற்கப்படும் அறை ஏ.சி.க்கள் 24 டிகிரியைத் தொடக்க எண்ணாகக் கொண்டே வர வேண்டும். 20 டிகிரிக்குக் கீழே வைக்க முடியாதபடி ஏ.சி.க்களை அமைக்கும் திட்டம் இருப்பதாக 2025 ஜூனில் மத்திய மின் துறை அமைச்சர் மனோகர் லால் அறிவித்தபோது நாடெங்கும் வாக்குவாதம் எழுந்தது. தமிழ்நாட்டுப் படுக்கையறைக்கு 20 என்பதே தேவைக்கு மிகவும் கீழான எண் என்பதால், அந்த வாக்குவாதம் நமக்குப் பெரிதாகப் பொருட்டில்லை. 24 கூட ஒரு தொடக்கப் புள்ளிதான். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தளவு போல அதையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ரிமோட்டில் இன்னொன்றையும் சரிபார்த்துவிடுங்கள். பனித்துகள் படம் இருந்தால் அது கூல். நீர்த்துளிப் படம் இருந்தால் டிரை. விசிறிப் படம் மட்டும் இருந்தால் கம்ப்ரசரே ஓடாது. ஏ.சி. குளிரவில்லை என்று முதல் வாரத்தில் வரும் புகார்களில் சில, குழந்தைகள் ரிமோட்டை வைத்து விளையாடியதில் விசிறிக்கு மாறிப்போனவையாகவே இருக்கும். ஆட்டோ என்ற முறையை இப்போதைக்குத் தொட வேண்டாம்; பெட்டி தானாக முடிவெடுக்கத் தொடங்கிவிட்டால், எந்த எண் உங்களுக்கு ஒத்துவந்தது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாம் படி: தலையணை உயரத்தில் அளந்து பாருங்கள்

உணர்கருவி இருப்பது தரையிலிருந்து ஏழெட்டு அடி உயரத்தில். நீங்கள் படுப்பது ஒன்றரை அடி உயரத்தில். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் கீழே இறங்கித் தேங்கும். எனவே ரிமோட் 26 என்று சொல்லும்போது கட்டிலில் 24 இருக்கக்கூடும். மேற்கு வெயில் வாங்கும் சுவரை ஒட்டிக் கட்டில் கிடந்தால் இதற்கு நேர்மாறாகவும் இருக்கக்கூடும். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சிறிய டிஜிட்டல் மானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைத் தலையணைக்குப் பக்கத்தில், ஏ.சி.யின் காற்று நேரே படாத இடத்தில், சுவரில் சாய்க்காமல் வையுங்கள். அரை மணி நேரம் ஏ.சி. ஓடிய பிறகு இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டால், நண்பர் தம் வீட்டில் 24 வைப்பதாகச் சொல்வதும் நீங்கள் 26 வைப்பதும் ஒரே குளிர்ச்சியாக இருக்கலாம் என்பது புரிந்துவிடும்.

காற்றைத் திருப்பிவிடும் தகடுகளையும் இதே சமயத்தில் சரிசெய்துவிடலாம். காற்று கிடைமட்டமாக, கூரையை ஒட்டிப் போகும்படி தகட்டை உயர்த்தி வைத்தால், அது எதிர்ச்சுவர் வரை போய் மெதுவாக இறங்கி அறை முழுவதும் பரவும். கட்டிலை நோக்கிக் கவிழ்த்து வைத்தால் ஒருவருடைய நெற்றியில் மட்டும் குளிர் இறங்கும், மற்றவருக்கு அறை சூடாகவே இருக்கும், இருவருக்கும் ஒத்துவரும் எண் கடைசி வரை கிடைக்காது.

மூன்றாம் படி: 27-இல் தொடங்கி ஒவ்வொரு டிகிரியாக இறங்குங்கள்

முதல் நாள் இரவு 27 வையுங்கள். கூடவே மின்விசிறியை இரண்டாம் எண்ணில் ஓடவிடுங்கள். ஏ.சி. ஓடும்போது மின்விசிறி போட்டால் குளிர் வீணாகிவிடும் என்று சில வீடுகளில் அதை அணைத்துவிடுகிறார்கள். மின்விசிறி அறையின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் நம் தோலின் வெப்பநிலை 33, 34 டிகிரி அளவில் இருப்பதால், அதை ஒட்டி நிற்கும் சூடான மெல்லிய காற்றுப் படலத்தை விசிறிக் காற்று விலக்கிவிடுகிறது, வியர்வையும் விரைந்து உலர்கிறது. உடலுக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போல இருக்கும். பழைய மின்விசிறிக்கு ஏறத்தாழ 75 வாட் போதும், புதிய பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவே ஆகும். முழு வேகத்தில் ஒன்றரை கிலோவாட் அளவுக்கு இழுக்கக்கூடிய ஒன்றரை டன் ஏ.சி.யின் சுமையைக் குறைக்க இதைவிட மலிவான வழி வேறில்லை.

எண்ணை மாற்றினால் உடனே மீண்டும் மாற்றாதீர்கள். காற்று பத்து நிமிடத்தில் குளிர்ந்துவிடும். சுவர், மெத்தை, அலமாரி ஆகியவை பகலெல்லாம் வாங்கிய சூட்டை விடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். அவை சூடாக இருக்கும் வரை, காற்று 26 டிகிரியில் இருந்தாலும் உங்களுக்குப் போதாதது போலவே தோன்றும். குறைந்தது முப்பது நிமிடம் பொறுத்து, அப்போதும் போதவில்லையென்றால் ஒரே ஒரு டிகிரி குறையுங்கள். மறுநாள் அங்கிருந்து தொடங்குங்கள். இப்படிப் பார்த்தால் நான்கைந்து இரவுகளில் பெரும்பாலானவர்களின் எண் 25, 26, 27 ஆகிய மூன்றில் ஒன்றில் வந்து நிற்கும்.

இது நமக்கு இயல்பானதும்கூட. அகமதாபாத்தில் உள்ள செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சென்னை உட்பட ஐந்து இந்திய நகரங்களின் அலுவலகங்களில் களஆய்வு செய்து, நம் நாட்டினர் மேலைநாட்டு அளவுகோல்கள் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலான வெப்பநிலையிலும் இதமாக உணர்கிறார்கள் என்று கண்டார்கள். ஜப்பானில்கூட 2005-ஆம் ஆண்டு முதல் கோடைக்காலத்தில் அலுவலகக் குளிரூட்டலை 28 டிகிரியில் வைக்கச் சொல்லும் அரசின் இயக்கம் ஒன்று நடந்துவருகிறது. ஓட்டல்களிலும் திரையரங்குகளிலும் நமக்குப் பழக்கமாகிவிட்ட நடுக்கும் குளிரை வீட்டில் தேட வேண்டியதில்லை.

மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறைக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். கான்கிரீட் கூரை மாலை முழுவதும் வெப்பத்தைக் கீழ்நோக்கி உமிழ்ந்துகொண்டே இருக்கும். அறைக்குள் படுத்தபடி மேலே உள்ளங்கையை நீட்டினால் அந்தச் சூடு தெரியும். அப்படிப்பட்ட அறையில் முன்னிரவில் ஒன்றிரண்டு டிகிரி குறைவாக வைத்துவிட்டு, கூரை ஆறிய பிறகு கூட்டிக்கொள்வதே நடைமுறை. மாடியில் வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சு அடித்தால் அந்த ஒன்றிரண்டு டிகிரி நிரந்தரமாகவே மிச்சமாகும்.

நான்காம் படி: புழுக்கத்தையும் சூட்டையும் பிரித்துப் பாருங்கள்

கடலோரத்தில் இருப்பவர்கள் எண்ணைத் தவறாக வைப்பதற்கு முதன்மையான காரணம் இதுதான். வேலூரிலோ கரூரிலோ மே மாதத்து நண்பகலில் காய்ந்த வெயில். வியர்த்த உடனே உலர்ந்துவிடும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் வெப்பமானி அவ்வளவு ஏறாத நாளிலும் உடல் கசகசக்கும், சட்டை முதுகில் ஒட்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலர இடமில்லை. இந்தக் கசகசப்பைச் சூடு என்று எண்ணிக்கொண்டு எண்ணை 20-க்கு இறக்குகிறோம்.

ஏ.சி.யின் உள்ளே இருக்கும் குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து, குழாய் வழியே வெளியே சொட்டுகிறது. அந்தச் சொட்டு நிற்காமல் விழுகிறது என்றால் அறையின் ஈரம் குறைந்துவருகிறது என்று பொருள். சொல்லப்போனால், இந்த இயந்திரம் பிறந்ததே மனிதர்களைக் குளிர்விப்பதற்காக அன்று: நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் விரிந்து வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போனதால், காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதற்காக வில்லிஸ் கேரியர் 1902-இல் வடிவமைத்ததுதான் நவீன ஏ.சி.யின் தொடக்கம்.

மானியில் ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருந்தால் 26, 27 டிகிரியே இதமாக இருக்கும். அது 70-ஐத் தாண்டியிருந்தால் 24-இல்கூட போர்வை ஈரமாக இருப்பது போல ஒரு பிசுபிசுப்பு தெரியும். அப்போது எண்ணைக் குறைப்பதற்கு முன் மூன்றைச் செய்து பாருங்கள். கதவுக்கு அடியிலும் ஜன்னல் ஓரத்திலும் வெளிக்காற்று நுழையும் இடைவெளிகளை அடையுங்கள். ஒட்டியிருக்கும் குளியலறையின் கதவைச் சாத்தி வையுங்கள், ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள். உட்பெட்டியின் விசிறியைக் குறைந்த வேகத்துக்கு மாற்றுங்கள். காற்று சுருளின் மீது மெதுவாகப் போகும்போது ஈரம் கூடுதலாகப் பிரியும். அதுவும் போதவில்லையென்றால் டிரை முறைக்கு மாற்றுங்கள்.

டிரை முறை உண்மையில் பயன்படுவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். நவம்பரில் வெளியே 26 டிகிரிதான் இருக்கும், ஆனால் ஈரம் 90 விழுக்காட்டை நெருங்கும். கூல் முறையில் 26 வைத்தால் கம்ப்ரசர் ஓடவே ஓடாது, புழுக்கமும் போகாது; 22 வைத்தால் ஈரம் போகும், ஆனால் நடுங்க வேண்டியிருக்கும். டிரை முறையில் பெட்டி விசிறியைத் தாழ்த்தி, கம்ப்ரசரை விட்டுவிட்டு ஓட்டி, அதிகம் குளிர்விக்காமல் ஈரத்தை எடுக்கும். கத்திரி வெயிலில் அதே முறையைப் போட்டால் அறையின் சூட்டுக்கு அது ஈடுகொடுக்காது.

டன் விஷயத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சிறிய அறைக்கு இரண்டு டன் மாட்டினால் நல்ல குளிர்ச்சி கிடைக்கும் என்று வாங்கியவர்கள், அறை குளிர்ந்தும் பிசுபிசுப்புப் போகவில்லை என்பார்கள். பெரிய பெட்டி காற்றை மிக விரைவாகக் குளிர்வித்துவிட்டு, ஈரம் பிரிவதற்குள் கம்ப்ரசரை நிறுத்திவிடுவதே காரணம். எண்ணைக் குறைத்தால் அங்கே குளிர் மட்டுமே கூடும்.

ஐந்தாம் படி: இரவை ஒரே எண்ணில் கழிக்காதீர்கள்

பதினொரு மணிக்கு இதமாக இருந்த 25, நான்கு மணிக்குக் குளிரெடுக்க வைப்பது ஏ.சி.யின் கோளாறு அன்று. தூங்கத் தொடங்கியதும் உடலின் உள்வெப்பநிலை இறங்கத் தொடங்கி, விழிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு மிகக் கீழான நிலைக்கு வருகிறது. அதே நேரத்தில் வெளியிலும் சூடு தணிகிறது, சுவரும் ஆறிவிட்டிருக்கிறது. ஆகவே, படுக்கும்போது பொருந்திய எண் விடியும்போது பொருந்தாது.

ரிமோட்டில் ஸ்லீப் என்ற பொத்தான் இதற்காகவே இருக்கிறது. பெரும்பாலான பெட்டிகளில் அதை அழுத்தினால் மணிக்கு ஒரு டிகிரி வீதம் ஓரிரு முறை வெப்பநிலையைத் தானாகக் கூட்டிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ளும். எவ்வளவு கூட்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், கூடவே வந்த கையேட்டில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். படுக்கும்போது 25 அல்லது 26, நள்ளிரவுக்குப் பிறகு 27, விடியலில் 28 என்ற வரிசை பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்துகிறது.

டைமர் வைத்து நான்கு மணிக்கு அணைத்துவிடுவது பலருடைய வழக்கம். கடலோர ஊரில் அதை நான் பரிந்துரைப்பதில்லை. அணைந்த அரை மணி நேரத்தில், சாத்திய அறைக்குள் புழுக்கம் ஏறி, ஆழ்ந்து தூங்க வேண்டிய கடைசி நேரத்தில் எல்லோரும் புரண்டுகொண்டிருப்பார்கள். 28-இல் இன்வெர்ட்டர் ஏ.சி. மிகக் குறைந்த வேகத்தில் ஓடுவதற்கு ஆகும் செலவு சிறியது. ஆனால் கோயம்புத்தூர் போல விடியலில் வெளிக்காற்று குளிர்ந்திருக்கும் ஊர்களில் டைமரும் திறந்த ஜன்னலும் போதும். எந்த ஊராயினும், ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கும் காற்றையே சுற்றிச்சுற்றிக் குளிர்விக்கிறது என்பதால், எழுந்ததும் ஜன்னல்களைச் சிறிது நேரம் திறந்து வைப்பது நல்லது.

ஆறாம் படி: அறையில் உள்ளவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள்

ஓர் அறையில் இருவர் இருந்தால் இரண்டு எண்கள் இருக்கும். இதில் யாருடைய உணர்வும் பொய்யன்று. இதம் என்பது காற்றின் வெப்பநிலை, ஈரம், காற்றோட்டம், சுற்றியுள்ள சுவர்களின் சூடு, உடுத்தியிருக்கும் துணி, உடல் உண்டாக்கும் வெப்பம் ஆகிய ஆறையும் பொறுத்தது. இதை விரிவாக ஆராய்ந்த டென்மார்க் அறிஞர் ஃபேங்கரின் கணக்குப்படி, இந்த ஆறையும் எவ்வளவு நேர்த்தியாக அமைத்தாலும் நூற்றுக்கு ஐந்து பேருக்காவது அந்த அறை பிடிக்காமல்தான் இருக்கும். ஆண்களின் உடல் உண்டாக்கும் வெப்பத்தை அளவாகக் கொண்டு அலுவலகங்களின் குளிர்ச்சி தீர்மானிக்கப்பட்டதால் பெண்களுக்கு அங்கே குளிரெடுக்கிறது என்று 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். வீட்டிலும் பல கணவன் மனைவியருக்குள் நடப்பது இதே வழக்குதான்.

குளிரெடுப்பவர் போர்த்திக்கொள்ளட்டும், வியர்ப்பவருக்கு ஏற்றபடி ஏ.சி.யை வைப்போம் என்பதுதான் வழக்கமான தீர்ப்பு. என் தீர்ப்பு இதற்கு நேர்மாறானது: குளிரெடுப்பவருக்கு ஒத்துவரும் எண்ணை ஏ.சி.யில் வையுங்கள், வியர்ப்பவருடைய பக்கம் ஒரு மேசை விசிறியைத் திருப்பி வையுங்கள். போர்வைக்குள் இருந்தாலும் முகமும் மூச்சும் வெளியேதான் இருக்கின்றன. குளிர்ந்து உலர்ந்த காற்றில் இரவெல்லாம் மூச்சு விடுபவருக்குத் தொண்டை வறண்டுபோகும். விசிறிக் காற்றோ வேண்டியவர் மீது மட்டும் படும், செலவும் குறைவு. வியர்ப்பவர் மின்விசிறிக்கு நேர்கீழேயும், குளிரெடுப்பவர் ஏ.சி.யின் காற்று போகும் பாதையிலிருந்து விலகியும் இருக்கும்படி கட்டிலில் பக்கம் மாற்றிக்கொண்டாலே பாதி வழக்கு முடிந்துவிடும். மீதியை ஆளுக்கொரு பருத்திப் போர்வை தீர்த்துவைக்கும். ஒரே இரட்டைப் போர்வையைப் பங்கிடும் வீட்டில் எந்த எண்ணும் நிலைக்காது.

கைக்குழந்தை இருக்கும் அறையில் குழந்தையின் எண்ணே எல்லோருடைய எண். 25-க்கும் 27-க்கும் இடையில் வைத்து, காற்று தொட்டில் மீது நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை கால் சில்லென்று இருக்கிறதே என்று பாட்டிமார் தொப்பியும் காலுறையும் மாட்டி, மேலே கம்பளியும் சுற்றிவிடுவார்கள். குழந்தைகளின் கைகால்கள் இயல்பாகவே சற்றுக் குளிர்ந்திருக்கும். பிடரியிலோ மார்பிலோ உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்: அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் சரி; வியர்த்திருந்தால் துணியைக் குறைக்க வேண்டும்; சில்லென்று இருந்தால் எண்ணைக் கூட்ட வேண்டும். தூங்கும் குழந்தையின் தலையை மூடக் கூடாது என்பதே மருத்துவர்களின் அறிவுரை.

முதியவர்களுக்கு வயது ஏற ஏறக் குளிரையும் சூட்டையும் உணரும் திறன் மங்குகிறது. எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று அவர்கள் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது, மானியைப் பாருங்கள். 27, 28 டிகிரியும் மெதுவாக ஓடும் விசிறியும் அவர்களுக்கு ஏற்றவை. ஆனால் சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரி போன்ற வெயில் அடிக்கும் நாள்களில், கரண்ட் பில்லை எண்ணி அவர்கள் ஏ.சி.யை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். அந்த நாள்களில் யாராவது ஒருவர் நண்பகலில் எட்டிப் பார்த்து ஏ.சி. ஓடுகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஏழாம் படி: எண்ணைக் கட்டணத்தோடு பொருத்திப் பாருங்கள்

ஒவ்வொரு டிகிரியைக் கூட்டும்போதும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. 6 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். தமிழ்நாட்டுக் கட்டண அமைப்பில் அது எப்படிப் பெரிதாகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம்.

வீட்டு இணைப்புகளுக்கு இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஏ.சி. தவிர மற்றவற்றுக்கு இரண்டு மாதத்தில் 200 யூனிட் ஆகிறது, 24 டிகிரியில் ஏ.சி. ஓர் இரவுக்கு 6 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 இரவுக்கு 360; மொத்தம் 560 யூனிட். அதே ஏ.சி.யை 27-இல் வைத்து விசிறியையும் ஓட்டினால், மூன்று டிகிரிக்கு ஏறத்தாழ 18 விழுக்காடு, அதாவது 65 யூனிட் குறைந்து, மொத்தம் 495 ஆகும். இரவில் மின்விசிறி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வீடு என்று கொள்வதால் அதற்குத் தனியாகக் கணக்கு வைக்கவில்லை.

2022 செப்டம்பரில் திருத்தப்பட்ட அட்டவணையில், 500 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, 500 வரை 6 ரூபாய். 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2 ரூபாய் 25 காசு அடுக்கு மறைந்து, 101-ஆவது யூனிட்டிலிருந்தே 4 ரூபாய் 50 காசு ஆகிவிடும்; 501 முதல் 600 வரை 8 ரூபாய். இதன்படி 560 யூனிட்டுக்கு 2,430 ரூபாய். 495 யூனிட்டுக்கு 1,695 ரூபாய். மூன்று டிகிரியில் 735 ரூபாய் குறைகிறது. அதன் பிறகு விலைகள் உயர்ந்திருக்கின்றன, ஆகவே இப்போது நடப்பில் உள்ள விலையைப் போட்டு நீங்களே ஒரு முறை கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பில் வரும் வரை காத்திராமல், கணக்கெடுத்த நாளிலிருந்து முப்பதாம் நாள் மீட்டரைப் பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால், மீதி மாதத்துக்கு ஒரு டிகிரி கூட்டுவதைப் பற்றி வீட்டில் பேசத் தொடங்கலாம்.

எட்டாம் படி: எண்ணின் மேல் பழிபோடுவதற்கு முன்

24 வைத்தும் மானி 28-ஐ விட்டு இறங்கவில்லையென்றால் 18 வைப்பதில் பயனில்லை. உட்பெட்டியின் முன்மூடியைத் தூக்கி, வலை போன்ற ஃபில்டரை உருவிப் பாருங்கள். சாலையோர வீடாக இருந்தால் இரண்டு வாரத்திலேயே அதில் சாம்பல் நிறப் போர்வை போலத் தூசி படிந்திருக்கும். குழாய்த் தண்ணீரில் பின்புறத்திலிருந்து பீய்ச்சிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். வெளிப்பெட்டிக்கு முன்னால் துணிக்கொடியோ பழைய பொருள்களோ காற்றை மறிக்கின்றனவா, அதன் சூடான காற்று சுவரில் மோதி அதன்மீதே திரும்புகிறதா என்றும் பாருங்கள். மேற்கு ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு, பிற்பகல் இரண்டு மணிக்கே மூடிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குளிரவில்லையென்றால் சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். கூப்பிடுவதற்கு முன், ஏ.சி. இருபது நிமிடம் ஓடிய பிறகு, அதே மானியை முதலில் உட்பெட்டியின் மேற்புறத்தில் காற்று நுழையும் இடத்திலும், பிறகு காற்று வெளியேறும் வாயிலும் ஐந்தைந்து நிமிடம் பிடித்து இரண்டு எண்களையும் எழுதிவையுங்கள். விசிறி சுழலும் வாய்க்குள் கையையோ மானியையோ நுழைத்துவிடாதீர்கள். கூல் முறையில் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும்போதும் வித்தியாசம் 8 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இருந்தால் குளிர்விக்கும் வாயுவின் (கேஸ்) கசிவோ சுருளில் அழுக்கோ இருக்கலாம். வித்தியாசம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லையென்றால் பெட்டியில் பழுதில்லை, அறைக்கு அந்த டன் போதவில்லை அல்லது வெளிச்சூடு எங்கிருந்தோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் சொல்லிவிட்டால், வந்தவுடனே கேஸ் போட வேண்டும் என்று சொல்பவர்கூட முதலில் அளந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.